உயர்ந்த கை

வேதப் பகுதி: மத்தேயு 14:22-33



நமது ஞாயிறு பள்ளி மண்டபத்தின் கிழக்குச் சுவரில், பேதுரு கடலில் மூழ்கும் காட்சியைச் சித்திரிக்கும் பெரிய ஓவியம் இருப்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அந்தப் பேதுருவுக்கு என் முகச்சாயல் இருப்பதைச் சிறுவர்கள் முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "ஐயா, நீங்க ஏன் தண்ணிக்குள்ள இருக்கீங்க?" என்று ஒரு சிறுமி கேட்டபோது நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இவ்வாரத் தியானமாக உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக ஓர் ஓவியம் வரைந்து தரும்படி நம் சபையின் இளைஞர் ஒருவரைக் கேட்டிருந்தேன். ஓவியக் கல்லூரியில் பயின்று திரும்பியவர் அவர். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, "ஐயா, இந்தக் காட்சியைப் படகில் இருப்பவர்களின் கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டோம். மூழ்குகிறவருடைய பக்கத்திலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்ப்பதுபோல வரையப் போகிறேன்" என்றார். அதற்கு அவருக்கு நிழற்படங்கள் தேவைப்பட்டன. நீருக்குள் ஓர் அங்கி எவ்வாறு விரியும், தலைமுடி எப்பக்கம் மிதக்கும், முகத்தில் ஒளி எங்கே விழும் என்பவற்றைக் கற்பனையால் வரைந்தால் பொய்யாகிவிடும் என்றார். நிலத்தில் ஒருவரை மணிக்கணக்கில் நிற்க வைத்து வரையலாம். நீருக்குள் எவரும் அப்படி நிற்க முடியாது. ஆகவே யாராவது வேடமணிந்து மூழ்க வேண்டும். அந்த நொடிகளைக் கேமரா பிடித்துத் தர வேண்டும்.

ஐம்பது வயதும் தாடியும் உள்ள ஒரு பேதுரு வேண்டும் என்றார். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த பெருமை எனக்கு உண்டு. நானே வருகிறேன் என்று சொன்னேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், அருகிலுள்ள தோட்டத்துக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தோம். பாறை வெட்டிக் கட்டிய பெரிய கிணறு. நீர் பன்னிரண்டு அடி இருந்தது. நம் பகுதியில் ஏப்ரல் நடுவில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வருவதால், நண்பகலில் மட்டும் வெயில் கிணற்றின் அடிவரை இறங்கும். அந்த அரை மணி நேரமே எங்களுக்கு வாய்த்த நேரம். தோட்டத்துக்காரர் எழுபதைக் கடந்த பெரியவர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். மோட்டாரை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் வந்து அமர்ந்துகொண்டார்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பு அணியும் காவி நிற அங்கியை அணிந்துகொண்டேன். முதல் தடவை நான் மூழ்கவே இல்லை. அங்கிக்குள் அடைபட்ட காற்று என்னைப் பலூன்போல் மேலே தூக்கியது. இளைஞர் அதற்கும் ஆயத்தமாக வந்திருந்தார். வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை அங்கியின் கீழ்விளிம்பில் வைத்துத் தைத்தார். பின்பு, "ஐயா, மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு இறங்குங்கள். நெஞ்சில் காற்று இருக்கும்வரை தண்ணீர் உங்களை ஏற்காது" என்றார். வாழ்நாளெல்லாம் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு முக்குளித்தவன் நான். மூச்சை விட்டுவிட்டு இறங்குவது எவ்வளவு அச்சமூட்டும் காரியம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நீருக்குள் கண்களைத் திறந்தேன். எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. நம் கண்ணின் முன்பகுதி ஒளியைக் குவிப்பது காற்று அதைத் தொட்டிருக்கும்போதுதான். நீர் தொட்டவுடன் அந்த ஆற்றலில் பெரும்பகுதி போய்விடுகிறது. எனக்குக் கீழே கேமராவுடன் இருந்த இளைஞர் நீச்சல் கண்ணாடி அணிந்திருந்தார். அவர் என்னைத் துல்லியமாகக் கண்டார். எனக்கோ அவர் ஒரு கரிய நிழல். மேலே பார்த்தால், கிணறும் வானமும் சுருங்கி, தலைக்கு நேராக ஒரு வட்டச் சாளரம்போல் ஒளிர்ந்தன. அந்த வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடியாக மாறிக் கிணற்றின் இருளையே திருப்பிக் காட்டியது. மூழ்குகிறவருக்கு வெளியே செல்லும் வழி தலைக்கு மேலே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மங்கலாகத்தான் தெரிகிறது.

காட்சி இதுதான்: உடல் கீழே இறங்கிக்கொண்டிருக்க, வலக்கை மட்டும் அந்த ஒளிவட்டத்தை நோக்கி உயர்ந்திருக்க வேண்டும். ஏழு தடவை செய்தோம். ஒவ்வொரு தடவையும் இளைஞர் மேலே வந்து, "கை இன்னும் நன்றாக உயரட்டும், ஐயா" என்பார். நான் மறுபடியும் இறங்குவேன்.

எட்டாவது தடவை, அங்கியின் ஈயம் தைத்த விளிம்பு, கிணற்றுக்குள் இறங்கும் மோட்டார் குழாயின் கிளாம்பில் மாட்டிக்கொண்டது. மேலே உந்தினேன், வரவில்லை. காலை உதறினேன், ஈரத்துணி முழங்காலைச் சுற்றிக்கொண்டது. நெஞ்சில் மூச்சு இல்லை. அபாயத்தை எப்படித் தெரிவிப்பது? கையை உயர்த்தினேன், விரல்களை விரித்தேன். எங்கள் படத்துக்கு வேண்டிய அதே தோற்றம் அது! கீழே இருந்த இளைஞர் மனம் நிறைந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தார். தம் மூச்சு முடிந்ததும் மேலே சென்றுவிட்டார். "இதுதான் படம்! இதுதான் படம்!" என்று அவர் மேலே கூவியது, தொலைவிலிருந்து வரும் ஒலிபோல என் காதில் விழுந்தது.

அடுத்த கணம் நீர் அதிர்ந்தது. என் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. மற்றொரு கை அங்கியைக் கிழித்தது. ஒளிவட்டம் உடைந்தது, நான் காற்றுக்குள் வந்தேன்.

படிக்கட்டில் கிடந்து இருமி, பேச்சு வந்த பிறகு, "அண்ணாச்சி, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். ஈரம் சொட்ட அமர்ந்திருந்த பெரியவர், "எண்ணிக்கிட்டு இருந்தேன் ஐயா. ஏழு தடவையும் பத்து எண்ணுறதுக்குள்ள மேல வந்துட்டீங்க. இந்தத் தடவை பதினாறு ஆயிட்டுது" என்றார்.

அன்பானவர்களே, என்னை எவரும் எண்ணும்படி அவரைக் கேட்கவில்லை. இளைஞர் ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் தோற்றத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருவர்தான் தண்ணீருக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த எட்டாவது படத்தை நான் பார்த்தேன். ஏழாவது படத்தையும் அருகில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நான் நடிக்கிறேன். மற்றொன்றில் உயிருக்குப் போராடுகிறேன். அறியாத ஒருவரிடம் காட்டினால் எது எதுவென்று சொல்லவே முடியாது. இரண்டிலும் கை உயர்ந்திருக்கிறது. இரண்டிலும் முகம் ஒளியை நோக்கியிருக்கிறது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மனதில் ஓடியது கிணறு மட்டும் அன்று. ஞாயிறுதோறும் ஆராதனையில் நான் காணும் உயர்ந்த கைகள் என் கண்முன் வந்தன. மூன்றாவது வரிசையில் எப்போதும் இரு கைகளையும் உயர்த்தித் துதித்த சகோதரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். எவ்வளவு உற்சாகமான விசுவாசி என்று நான் அவரைக் குறித்து மகிழ்ந்ததுண்டு. கடன் தாங்காமல் வீட்டை விற்று, குடும்பத்தோடு வேறு ஊருக்குச் சென்றுவிட்டார் என்பதை, அவர் போய் இரண்டு மாதங்களுக்குப் பின்னரே அறிந்தேன். அவர் கை உயர்த்தியதை நான் பார்த்தேன். அவர் மூழ்கியதைப் பார்க்கவில்லை.

பிறகு என் கைகளும் நினைவுக்கு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் நானே உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் குறித்துப் பேசினேன். அதன்பின் உங்கள் வீடுகளில் துக்கம் நேர்ந்தபோதெல்லாம் வந்து ஆறுதல் கூறினேன். ஆனால் தனியறையில் முழங்காலிட்டபோது எனக்கு ஜெபம் வரவில்லை. வாரங்கள் மாதங்களாயின. போதகர் இப்படிச் சொல்லலாமா, சபை என்ன நினைக்கும் என்று எண்ணி, பிரசங்க பீடத்தில் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றேன். அந்தத் தோற்றம் குறையற்றதாகவே இருந்தது.

அந்த இரவில் முதன்முறையாக என் மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஆராதனை முடிந்து வந்ததும் யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். போன ஞாயிறோடு பதினோரு வாரம்" என்றாள். அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சில நாட்கள் கழித்து அந்த இளைஞர் என்னைத் தேடி வந்தார். முகம் வாடியிருந்தது. தம் கைப்பேசியில் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைக் காட்டினார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் ஒஃபீலியா என்னும் பெண்ணின் ஓவியம் அது. 1851-52ஆம் ஆண்டுகளில் ஜான் எவரெட் மில்லே என்னும் ஆங்கிலேய ஓவியர் தீட்டியது. இப்போது இலண்டனில் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் கதையை அவர் சொல்லக் கேட்டேன். பின்னர் நானும் தேடிப் படித்தேன்.

அந்த ஓவியத்துக்கு மாதிரியாக இருந்தவர் எலிசபெத் சிடல். தொப்பிக் கடையில் வேலை செய்த எளிய குடும்பத்துப் பெண். வெள்ளி வேலைப்பாடுள்ள பழைய உடை ஒன்றை ஓவியர் 4 பவுண்டு கொடுத்து வாங்கினார். குளிர்காலத்தில், இலண்டனின் கவர் தெருவில் இருந்த வீட்டில், நீர் நிரப்பிய குளியல் தொட்டியில் அந்த உடையோடு அப்பெண்ணைப் படுக்க வைத்தார். நீர் குளிர்ந்துவிடாதபடி தொட்டியின் கீழே விளக்குகள் எரிந்தன. ஒரு நாள் அந்த விளக்குகள் அணைந்துவிட்டன. வேலையில் ஆழ்ந்திருந்த ஓவியர் கவனிக்கவில்லை. நீர் குளிர்ந்துகொண்டே போயிற்று. அந்தப் பெண் வாய்திறக்கவில்லை. அவர் முறையிடவே இல்லை என்று, ஓவியரின் மகன் எழுதி 1899இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அவர் நோயுற்றார். அவருடைய தந்தை 50 பவுண்டு கோரிக் கடிதம் எழுதினார். முடிவில் மில்லே மருத்துவருக்குரிய பணத்தைச் செலுத்தினார்.

எலிசபெத் சிடல் பின்னாளில் தாமும் படங்கள் வரைந்தார், கவிதைகள் எழுதினார். அபின் கலந்த மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டதால் 1862ஆம் ஆண்டு, தம் 32ஆம் வயதில் மரித்தார். ஓவியத்தில் அவர் முகம் இன்றும் அழகாக இருக்கிறது. அதை வரைந்துகொண்டிருந்த அறையில் விளக்கு அணைந்த செய்தி அந்த முகத்தில் எங்கும் இல்லை.

"நானும் விளக்கைப் பார்க்கவில்லை, ஐயா" என்றார் இளைஞர். "இல்லை தம்பி, நானும் சொல்லவில்லை. இரண்டாவது தடவையே கால் நடுங்கியது, பெருமையால் மறைத்தேன்" என்றேன்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த மற்றொரு செய்தியும் உண்டு. அதே 1851ஆம் ஆண்டில் மில்லே தம் ஓவியத்தின் ஆற்றங்கரைப் பகுதியை வரைவதற்காகச் சர்ரே மாவட்டத்தில் தங்கியிருந்தார். அவருடன் தங்கியிருந்த நண்பர் வில்லியம் ஹோல்மன் ஹண்ட். இவர் அங்கே இரவு நேரங்களில் நிலவொளியில் நின்று வரையத் தொடங்கியதுதான் 'உலகத்தின் ஒளி' என்னும் ஓவியம். கையில் விளக்கேந்தி, மூடிய கதவைத் தட்டும் கிறிஸ்து. வெளிப்படுத்தின விசேஷம் 3:20-ஐ அடிப்படையாகக் கொண்ட படங்களில் மிகவும் பெயர்பெற்றது அதுவே. ஒரு நண்பர் ஆண்டவரின் கையில் எரியும் விளக்கை வரைந்தார். மற்றவருடைய அறையில், ஒரு பெண்ணைக் காத்துக்கொண்டிருந்த விளக்கு அணைந்தது. திறமையில் இருவரும் குறைந்தவர்கள் அல்லர். நாமும் விளக்கைக் குறித்து அழகாகப் பிரசங்கித்துக்கொண்டே, அருகிலுள்ளவரின் விளக்கு அணைவதைக் காணாமல் இருக்கக்கூடும்.

இப்போது வேதப் பகுதிக்கு வாருங்கள். பேதுரு மீனவர், தண்ணீருக்குப் புதியவர் அல்லர். யோவான் 21:7-இல் அவர் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்ததை வாசிக்கிறோம். ஆயினும் மத்தேயு 14:30-இல், மூழ்கத் தொடங்கியபோதே அவர் கூப்பிட்டார் என்று இருக்கிறது. மூழ்கி முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை. படகில் பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, சற்றுமுன்தான் தண்ணீரின்மேல் நடந்தவன் இப்போது கூச்சலிடலாமா என்று தயங்கவுமில்லை. மூன்றே சொற்களில் தம்மை இரட்சிக்கும்படி வேண்டினார். கிணற்றுக்குள் நான் கற்ற பாடம் இது: தலை நீருக்குள் போனபின் கூப்பிட முடியாது. கூப்பிடுவதற்குரிய நேரம், வாயில் இன்னும் மூச்சு இருக்கும் நேரம்.

அடுத்த வசனத்தின் ஒழுங்கையும் கவனியுங்கள். இயேசு உடனே கையை நீட்டிப் பேதுருவைப் பிடித்தார். ஏன் சந்தேகப்பட்டாய் என்ற கேள்வி அதற்குப் பின்னரே வருகிறது. முதலில் கரம், பிறகுதான் கேள்வி. நம்மில் பலர் இந்த ஒழுங்கை மாற்றிவிடுகிறோம். கடனில் விழுந்தவரிடமும், மனம் சோர்ந்தவரிடமும், வீட்டில் சமாதானமற்றவரிடமும் முதலில் கேள்வி கேட்கிறோம். அதனால்தான் அவர்கள் நம்மிடம் வாய்திறவாமல் கையை மட்டும் உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள்.

குளிர்ந்த நீரில் பேசாமல் கிடப்பதைப் பொறுமை என்று நாம் போற்றியிருக்கிறோம். குறிப்பாக நம் பெண்களிடம் அதை எதிர்பார்த்திருக்கிறோம். வேதம் பேதுருவின் கூக்குரலை மறைக்கவில்லை. அதை எழுதி வைத்திருக்கிறது. உதவி கேட்பது அவிசுவாசம் அன்று. போதகராகிய நான் இதை உங்களுக்குச் சொல்லுவதற்கு முன் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மூத்த போதகர் ஒருவரிடம் சென்று என் நிலையை அறிக்கையிட்டேன். அவர் எனக்காக ஜெபித்தார். பல வாரங்கள் என்னோடு அமர்ந்திருந்தார். ஜெபம் ஒரே நாளில் திரும்பி வரவில்லை. மெல்ல வந்தது.

நம் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருப்பதாக மத்தேயு 10:30-இல் ஆண்டவர் கூறுகிறார். அந்த வசனத்தை முன்பு நான் ஒரு கணக்கைப்போல வாசித்தேன். இப்போது படிக்கட்டில் அமர்ந்து, நீரைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் முகம் நினைவுக்கு வருகிறது. நேசிக்கிறவரே எண்ணுகிறார்.

இறுதியாக, அந்த ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளைஞர் எட்டாவது படத்தை வரையவில்லை. அதற்குத் தமக்கு மனம் வரவில்லை என்றார். ஏழாவது படத்தைக் கொண்டே வரைந்தார். ஆனால் ஆண்டவரின் கரத்துக்கு மாதிரியாக, தோட்டத்துப் பெரியவரின் கையைப் படமெடுத்துவந்தார். "எங்கையா? இதப் போயா சாமி படத்துல போடப்போறீங்க?" என்று பெரியவர் கூச்சப்பட்டாராம். அடுத்த முறை மண்டபத்துக்குப் போகும்போது உற்றுப் பாருங்கள். அந்தக் கரத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன தழும்புகள் தெரியும். அது பேதுருவின் விரல்களோடு விரல் கோக்கவில்லை; மணிக்கட்டைப் பற்றியிருக்கிறது. மூழ்குகிறவருடைய விரல்களுக்குப் பிடிக்கும் பலம் இல்லாமல் போகலாம். பிடிப்பு முழுவதும் மேலிருக்கும் கரத்தினுடையது.

இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். நீங்கள் மூழ்கத் தொடங்கியிருந்தால், ஒருவரிடமாவது வாய்திறந்து சொல்லுங்கள். என்னிடம் வர விரும்பினால் எந்த நேரத்திலும் வாருங்கள். நீங்கள் கரையில் இருந்தால், ஒருவரையாவது மனதில் வைத்து எண்ணுங்கள்: எத்தனை ஞாயிறுகளாக அவர் வரவில்லை, எத்தனை நாட்களாக அவர் சிரிக்கவில்லை என்று.

ஜெபம்: எங்களை எண்ணுகிற பரம பிதாவே, நாங்கள் அழகாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக எங்கள் வேதனையை உமக்கும் ஒருவருக்கொருவரும் மறைத்ததை மன்னியும். கூப்பிடத் தைரியத்தையும், கூப்பிட முடியாதவர்களைக் காணும் கண்களையும் எங்களுக்குத் தாரும். உம்முடைய கரம் எங்கள் மணிக்கட்டை விடாதிருப்பதாக. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.